தொட்டியில் இருப்பவை அந்த மீன்கள் அல்ல

அன்புள்ள பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்ததிலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். உட்கார்ந்து எழுத இன்றுதான் முடிந்தது. அப்பாவைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, மாத்திரை கொடுத்து, பிஸியோதெரபிக்கு வரும் மஞ்சுநாத் வந்து போய், இப்போதுதான் நாற்காலியில் முதுகைச் சாய்த்தேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன் முகம் தெரியும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இதைச் சொல்ல முடியாது.

நீ பேசியது உனக்கு ஞாபகம் இருக்கும். மேகா உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறாவது மாதம் என்றாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் நன்றாக இருந்தது. டப்ளினில் நீங்கள் போயிருக்கும் புது வீட்டு ஹாலில் செடியும் மீனுமாக ஒரு தொட்டி வைக்க அவளுக்கு ஆசை என்றாய். "எனக்குத்தாம்மா பயம். எங்கம்மாவப் பாரு மேகா, ரெண்டு வருஷமா ஒரு மீன்கூட சாகாம வச்சிருக்காங்க. நான் பத்தாவது படிக்கறப்பவே எல்லாத்தையும் கொன்னவன். மீனையே காப்பாத்தத் தெரியல, கொழந்தைய என்ன பண்ணப் போறேனோ!" என்று சொல்லிச் சிரித்தாய். மேகா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு தொட்டியைக் காட்டச் சொன்னாய், காட்டினேன். "அந்தப் பெரிய வால் கப்பி எங்கம்மா, ஆரஞ்சு கலர்ல இருக்குமே?" என்றாய். "செடிக்குப் பின்னால ஒளிஞ்சிட்டிருக்குப்பா" என்றேன்.

போனை வைத்த பிறகு அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாயில் வரும் சொற்கள் எத்தனை என்று உனக்குத் தெரியும். சாப்பாடு, தண்ணி, வேணாம், போதும். மற்றவையெல்லாம் உதடு வரைக்கும் வந்து நின்றுவிடும். அன்றைக்கு வெகுநேரம் முயற்சி செய்து, கழுத்து நரம்பு புடைக்க, "பொய்" என்றார். பிறகு அசைகிற இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு பொய் என்கிறார். எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். முதலில் பக்கத்தில் இருக்கும் பொய்யைச் சொல்கிறேன், பிறகு பழையதை.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு வருடம் கழித்து, நீ அயர்லாந்து வேலைக்குக் கிளம்புவதற்கு முன், இந்தத் தொட்டியை வைத்தாய். இரண்டு மாதம் படித்தாய். யார் யாரிடமோ கேட்டாய். ஹாலில் அப்பாவின் நாற்காலிக்கு நேரெதிரே மேஜை போட்டு, மண் பரப்பி, மரத்துண்டு வைத்து, செடி நட்டு, ஒரு மாதத்துக்கு மேல் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதன் பிறகுதான் நியான் மீன்கள் பன்னிரண்டும் கப்பிகள் ஐந்தும் வந்தன. "அப்பா நாள் பூரா செவுத்தையே பாத்துட்டிருக்காரும்மா. இதப் பாக்கட்டும்" என்றாய். நல்ல எண்ணம்தான். நீ விமானம் ஏறிய மறுநாள் நான் அந்தத் தொட்டியைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பார்த்துக்கொள்ள இன்னும் பதினேழு உயிர். அவ்வளவுதான் தோன்றியது. நீ சுவரில் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தில் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் விளக்கு என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய். அதை நான் ஒழுங்காகப் படித்ததே இல்லை. படிக்க முடியாமல் இல்லை. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க ஆபீஸில் காகிதம் படித்தவள். இன்னொரு வேலைப் பட்டியலைப் படிக்க மனம் வரவில்லை, அவ்வளவே.

விளக்குக்கு நீ வைத்திருந்த டைமரைப் பிடுங்கிவிட்டேன். அப்பா எழுந்ததிலிருந்து தூங்கும் வரை வெளிச்சம் இருந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். சில மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது. போன வருடம் வரமகாலட்சுமி பூஜைக்கு உன் சித்தி குடும்பமும் மாடி வீட்டுக்காரர்களும் வருவதாக இருந்தது. முதல் நாள் காலை பார்க்கிறேன், வீட்டில் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்தப் பச்சைத் தண்ணீர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன்களைப் பிடித்து ஒரு பாத்திரத்தில் விட்டேன். பாசி மூடி அழுகியிருந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் வாளி வாளியாகக் கொண்டுபோய்ப் பாத்ரூமில் கொட்டினேன். ஃபில்டருக்குள் இருந்த பழுப்பு ஸ்பாஞ்சைச் சோப்புப் போட்டு, வெள்ளையாகும் வரை கசக்கித் துவைத்தேன். அன்றைக்குக் காவேரித் தண்ணீர் விட்ட நாள். தெருவிலிருந்து நேராக வரும் குழாயில் பிடித்தேன். குளோரின் வாசனை மூக்கில் ஏறியது. எவ்வளவு சுத்தமான தண்ணீர் என்று சந்தோஷப்பட்டேன், பிரபு. அதை நிரப்பி, மீன்களை எடுத்து விட்டுவிட்டு, கண்ணாடியைத் துணியால் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. அப்பாவைப் பார்த்து, "பாருங்க, எப்படி ஆயிடுச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

கால் மணி நேரம் இருக்கும். ஹாலில் டங், டங் என்று சத்தம். அப்பா ஸ்டீல் தட்டை எடுத்து நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தார். நான் குக்கரில் பருப்பை வைத்துவிட்டு, ஒப்பட்டுப் போளிக்கு வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "இருங்க, வரேன்" என்றேன். தட்டுவது நிற்கவில்லை. "ரெண்டு கைதானே இருக்கு எனக்கு! ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதா?" என்று கத்தினேன். கத்திய பிறகும் தட்டினார். பிறகு தட்டு கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரை இருந்து, அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சில ஏற்கனவே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. அந்த ஆரஞ்சுக் கப்பி சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடியில் முட்டியது. அப்பா நாற்காலியிலிருந்து பாதி சரிந்து, எழுந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூட அழவில்லை. ஒவ்வொன்றாகச் சாவதை அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கூப்பிட வாய் வரவில்லை. தட்டைத் தட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் கத்தியிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மறுநாள் பூஜை நடந்தது. வந்தவர்கள், "டேங்க் எவ்வளவு க்ளீனா இருக்கு, மீன் இன்னும் வாங்கலையா?" என்று கேட்டார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். திருப்பினேன். மறுபடியும் அந்தச் சுவர். அந்த ஞாயிறு நீ கூப்பிட்டபோது நெட் சரியில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறுகளில் கேமராவை அணைத்துவிட்டுப் பேசினேன். "மீனெல்லாம் எப்படிம்மா?" என்றாய். "ஜோரா இருக்குப்பா" என்றேன். உனக்கு அங்கே வேலை புதிது. நீ வருத்தப்படுவாய் என்றுதான் சொன்னேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அவர் கூப்பிட்டபோது நான் போகவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன்.

உன் சித்தியைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு அல்சூருக்குப் போனேன். பஜார் தெருப் பக்கம் ஒரு மீன் கடை இருக்கிறது. நசீமா என்று ஒரு பெண் நடத்துகிறாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பன்னிரண்டு நியான், ஐந்து கப்பி, அதில் ஒன்று ஆரஞ்சு நிறத்தில் பெரிய வாலோடு வேண்டும் என்றேன். எப்படி இவ்வளவு கணக்காகக் கேட்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "பளைய மீன் இன்னா ஆச்சு ஆன்ட்டி?" என்றாள். சொன்னேன். ஸ்பாஞ்சைத் துவைத்ததைச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ, சோப்பு போட்டீங்களா? அந்தப் பஞ்சுலதான் ஆன்ட்டி நல்ல கிருமியெல்லாம் இருக்குது. மீன் போற அசிங்கத்த அதுதான் துன்னும். அத்த சாவடிச்சிட்டு குளோரின் தண்ணியும் ஊத்தினா மீன் எப்டி நிக்கும்?" என்றாள். பிறகு, "இப்போ மீன் தர மாட்டேன். எடுத்துட்டுப் போனா அதுவும் சாவும். மண்ணு போடுங்க, செடி நடுங்க, ஆறு வாரம் போட்டும். அப்புறம் வாங்க" என்றாள். நான் கெஞ்சினேன். மகன் பார்ப்பான் என்றேன். "மகன் பாக்கறதுக்கா மீன் வளக்கறீங்க?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மண்ணும் மணலும் ஈரக் காகிதத்தில் சுற்றிய செடிகளும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குத்தான் சுவரில் நீ ஒட்டியிருந்த காகிதத்தை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். பழைய மண்ணை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அப்பா நாற்காலியைத் திருப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்ணைக் கரண்டியால் சமமாகத் தட்டிவிட்டபோது, "சரிவு" என்றார். அந்தச் சொல்லை ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குப் புரியவில்லை. இடது கையால் பின்னால் உயரமும் முன்னால் பள்ளமும் காட்டினார். வாழ்க்கை முழுக்க நீர்ப்பாசனத் துறையில் வாய்க்கால் வெட்டியவர் அல்லவா, தட்டையாக மண் பரப்பியதைப் பொறுக்க முடியவில்லை. பின்பக்கம் உயர்த்தினேன். தலையாட்டினார். நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய், செடி நடும் நீள இடுக்கியை அவர் இடது கையில் கொடுத்தேன். மஞ்சுநாத் நாலு மாதமாக, "சார், ஸ்வல்ப ட்ரை மாடி சார்", கொஞ்சம் முயற்சி பண்ணுங்கள் என்று, இடது கைப் பயிற்சிக்குத் துணி க்ளிப்பை வைத்துக்கொண்டு கெஞ்சுவான். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றைக்கு ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து ஒன்பது செடி நட்டார். நட்டதில் நாலு பிடுங்கிக்கொண்டு மேலே மிதந்தன. மறுபடியும் நட்டார். நான் செய்துவிடுகிறேன் என்று இரண்டு தடவை கை நீட்டினேன். "வேணாம்" என்றார்.

முதல் வாரமே இலையெல்லாம் கரைந்து கூழாகிவிட்டது. மறுபடியும் கொன்றுவிட்டேன் என்று நசீமாவுக்குப் போன் செய்தேன். "இடம் மாறினா அந்தச் செடிக்கு எல உதுரும் ஆன்ட்டி. வேரு இருக்கும். கைய வெக்காதீங்க" என்றாள். கை வைக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். இருந்தேன். மூன்றாவது வாரம் மண்ணுக்குள்ளிருந்து கூம்பாக ஒரு சின்ன இலை வந்தது. அதை அப்பாதான் முதலில் பார்த்தார். ஆறு வாரம் முடிந்த பிறகு நசீமா ஆறு மீன் கொடுத்தாள், பிறகு மூன்று வாரம் கழித்து இன்னும் ஆறு. இப்போது காலையில் பத்து மணிக்கு டைமர் தானாக விளக்கைப் போடுகிறது. அந்த நேரத்துக்கு நானும் காபியை எடுத்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்காருகிறேன். கொஞ்ச நேரத்தில் இலைகளின் மேல் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ் கட்டும். ஒன்று பிரிந்து மேலே போகும், அப்பா விரலால் அதையே தொடர்வார். நாங்கள் பேசுவதில்லை. அவரால் பேச முடிந்த நாட்களில் இப்படி ஒரு தடவைகூடப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அந்த அரை மணி நேரம்தான் இப்போது என் நாளில் எனக்கென்று இருப்பது. நீ வைத்துவிட்டுப் போனபோது அதைச் சுமை என்று நினைத்தேன். அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் ஆரஞ்சுக் கப்பி செடிக்குப் பின்னால் இல்லை. அது போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இனி பழையது.

நீ பத்தாவது படிக்கும்போது ஜன்னல் ஓரத்தில் பெரிய கண்ணாடி ஜாடியில் எட்டு கப்பி வைத்திருந்தாய். பள்ளியிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தது. உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் நீ பள்ளிக்குப் போன பிறகு, மீன்களை ஒரு தூக்குவாளியில் மாற்றி ஆபீஸுக்கு எடுத்துப் போய், என் பக்கத்து மேஜை லலிதாவிடம் கொடுத்துவிட்டேன். அவை சாகவில்லை, பிரபு. ஒன்றுகூடச் சாகவில்லை. கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் திரும்ப வாங்கித் தரச் சொல்லி அடம் பிடிப்பாய் என்று, செத்துவிட்டதாகச் சொன்னேன். "நேத்து தண்ணி மாத்தினியே, அதுல என்னமோ ஆயிடுச்சு போல. எல்லாம் மெதந்துச்சு" என்றேன். நீ வெறும் ஜாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாய். "நான் சோப்புக் கையோட தொட்டுட்டேனாம்மா?" என்று கேட்டாய்.

"இருக்கும்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டாம். மார்க் போனால் போகிறது என்று விட்டிருக்கலாம். நீ அதற்குப் பிறகு மீனே கேட்கவில்லை. பல நாள் சாப்பிட உட்காரும் முன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாய். எனக்கு அது தெரிந்தது. வயது அப்படி என்று விட்டுவிட்டேன். லலிதா மாதம் ஒரு தடவை, "உங்க மீன் குட்டி போட்டிருக்கு மேடம், ராஜாஜிநகர் வந்து பாருங்க" என்பாள். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொள்வேன். அப்பாவுக்கு அப்போதே தெரியும். "அவன்கிட்ட சொல்லிடு" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு பி.யூ.சி. முடியட்டும் என்றேன். பிறகு நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ மறக்கவில்லை என்பது போன ஞாயிறு உன் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னபோது தெரிந்தது. உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. மீனைக் கொன்றவள் நான், அதுவும் போன வருடம்தான். நீ ஒன்றையும் கொன்றதில்லை.

தொட்டி வை. மேகா ஆசைப்படுகிறாள், வை. மண்ணைச் சரிவாகப் போடு. செடி நட்டுவிட்டு ஆறு வாரம் சும்மா இரு. இலை கரைந்தால் பயப்படாதே. தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதே, கால் பங்கு மாற்று, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசு. இதெல்லாம் என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். குழந்தை வளர்ப்பைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் பிள்ளை எப்போதாவது உன்னிடம் வந்து, என்னாலதான் இப்படி ஆச்சா என்று கேட்டால், வேலை எவ்வளவு இருந்தாலும் உட்கார்ந்து, யோசித்து, உண்மையைச் சொல்.

பிரசவத்துக்கு வருகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். வர முடியாது. அப்பாவை யார் பார்ப்பது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கு அலுத்துவிட்டது, பிரபு. முழங்கால் வலிக்கிறது. துணி காயப்போட மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிட்டுத்தான் ஏறுகிறேன். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாம் என்று நீ இரண்டு தடவை சொன்னாய். நானே பார்த்துக்கொள்வேன் என்று மறுத்தேன். இப்போது சொல்கிறேன், ஆள் பார். அவர் கூப்பிட்டால் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவர இன்னொருவர் வேண்டும். குழந்தை பிறந்து, பயணம் செய்யக்கூடிய வயதானதும் மூன்று பேருமாக வாருங்கள்.

எழுதியதையெல்லாம் இப்போது அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பழைய விஷயம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார். இடது கையால் அவர் எழுதுவது இதுதான் முதல் தடவை. இந்தக் காகிதத்தின் அடியில் கோணலாக நீ பார்ப்பது 'அப்பா' என்ற சொல். மூன்று எழுத்துக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நடு எழுத்தின் தலையில் புள்ளி விழவில்லை. நான் வைத்துவிடுகிறேன் என்று பேனாவை வாங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பேனாவை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். இந்த வரிகளை வேறு பேனாவால் எழுதுகிறேன். அவரே வைக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.

அம்மா